மலையகத்து வீட்டில் கிட்டார் ஒலிப்பதிவு: மைக் எது, எங்கே வைப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பண்டாரவளை என்று நம் பக்கத்தில் வீட்டிலேயே கிட்டார் வாசித்துப் பதிவு செய்கிற பிள்ளைகள் இப்போது நிறைய. அவர்கள் முதலில் கேட்பது "எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். அதற்குப் பதில் கீழே இருக்கிறது. ஆனால் எங்கே உட்காருவது, மைக்கை எங்கே நிறுத்துவது என்பதற்குத்தான் நான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் தோட்டத்து லயத்துக் காம்பராவிலோ (வரிசை வீட்டு அறையிலோ) சின்ன டவுன் வீட்டிலோ பதிவு கெட்டுப்போவது அநேகமாக அங்கேதான். சொல்வதெல்லாம் இரும்புக் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாருக்கு. நைலோன் கம்பிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒரே ஒரு மைக்தான் வாங்க முடியும். எதை வாங்குவது?

கிட்டார் மட்டும்தான் பதியப் போகிறீர்கள் என்றால் சின்ன டயஃப்ரம் (சத்தத்துக்கு அதிரும் சவ்வு) கண்டென்சர், கார்டியோயிட் வகை, அதாவது முன்பக்கத்துச் சத்தத்தை அதிகமாகவும் பின்பக்கத்துச் சத்தத்தைக் குறைவாகவும் எடுப்பது. ஒல்லியாக நீளமாக இருக்கும், கடைகளில் பென்சில் மைக் என்றும் சொல்வார்கள். ரோட் எம் 5, ரோட் என்டி 5, பெஹ்ரிங்கர் சி 2 எல்லாம் இந்த இனம். விரல் பட்டுக் கம்பி அதிரத் தொடங்கும் அந்த முதல் நொடியை இது சுத்தமாகப் பிடிக்கும். நேர் முன்னால் இல்லாமல் கொஞ்சம் பக்கத்திலிருந்து வரும் சத்தத்தையும் தொனி மாற்றாமல் எடுக்கும், அதனால் வாசிக்கிறவர் லேசாக அசைந்தாலும் பதிவு கூடிக் குறைந்து போகாது.

பாட்டும் அதே மைக்கில் பதிய வேண்டுமா? அப்படியென்றால் ஓடியோ டெக்னிக்கா ஏடி 2020, ரோட் என்டி 1 மாதிரி பக்கவாட்டில் பேசும் மைக் ஒன்றை எடுங்கள். கிட்டாருக்கும் நன்றாகவே வரும். இவற்றின் முகம் மேல் நுனியில் இல்லை, பக்கத்தில், கம்பெனி அடையாளம் இருக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. நுனியைக் கிட்டாருக்குக் காட்டி வைத்துவிட்டு "மைக் மந்தமாக இருக்கிறது" என்று விற்றவர்கள் உண்டு, பாவம் அந்த மைக்.

மைக்கின் சொந்த இரைச்சல் என்று ஒரு எண் போட்டிருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டுமா?

விரலால் மெதுவாக மீட்டுகிறவர் என்றால் கட்டாயம் பாருங்கள். ஏடி 2020-க்கு 20 டெசிபெல், என்டி 5-க்கு 16, என்டி 1 ஏ-க்கு 5. பிக் வைத்து ஓங்கி அடிக்கும் வாசிப்பில் இந்த வித்தியாசம் காதுக்கே வராது. தாலாட்டு மாதிரி ஒன்றைத் தனியாக, மெல்ல வாசித்து, பிறகு சத்தத்தை ஏற்றிக் கேட்கும்போதுதான் பின்னால் "ஸ்ஸ்" என்று ஒன்று கேட்கும். மஸ்கெலியாவில் ராத்திரி 11 மணிக்கு மழை இல்லாவிட்டால் அறை எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த அமைதியில் மைக்கின் இரைச்சல் தனியாகத் தெரியும்.

என்னிடம் டைனமிக் மைக் (தனியாகக் கரண்ட் கொடுக்கத் தேவையில்லாத மேடை மைக்) இருக்கிறது, கோயில் திருவிழாவில் பாடப் பயன்படுத்தியது. அது போதாதா?

தொடங்கப் போதும். ஷுவர் எஸ்எம் 57 என்பது 1965-இல் வந்த மைக், இன்றைக்கும் எல்லா ஸ்டூடியோவிலும் இருக்கிறது. ஆனால் அது சுமார் 15,000 ஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், கிட்டாரின் மேல்பக்கத்து மினுமினுப்பு கொஞ்சம் குறையும். இன்னொரு சிக்கல் கெய்ன், அதாவது மைக் சிக்னலை எவ்வளவு ஏற்றுகிறோம் என்பது. ஏடி 2020-ஐவிட எஸ்எம் 57 தருகிற சிக்னல் சுமார் 19 டெசிபெல் குறைவு, அதனால் இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியில்) கெய்னை முக்கால்வாசிக்கு மேல் திருக வேண்டி வரும், மலிவான இன்டர்ஃபேஸ் என்றால் அந்த இடத்தில் அதுவே இரைய ஆரம்பிக்கும். கோர்ட் அடித்து வாசிப்பவருக்குப் பரவாயில்லை. மெல்ல மீட்டுபவருக்கு இது சரிவராது.

எஸ்எம் 57, 58 இரண்டுக்கும் போலிகள் ஏராளம். விலை நம்ப முடியாத அளவு குறைவு என்றால் சந்தேகப்படுங்கள். அசல் எஸ்எம் 57 எடை 284 கிராம். போலிகளில் பல எடை குறைந்தவை, கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்ப்பதில் வெட்கமே இல்லை.

48 வோல்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அமத்தினால் டைனமிக் மைக் எரிந்துவிடுமா?

நல்ல நிலையில் உள்ள மைக்கும் சரியான எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் மைக்) வயரும் என்றால் ஒன்றும் ஆகாது. கண்டென்சருக்கு அந்தக் கரண்ட் வேண்டும், அது இல்லாவிட்டால் சத்தமே வராது. இதற்கு ஒரு நல்ல கதை உண்டு: 1966-இல் நோர்வே வானொலிக்காக நொய்மன் கம்பெனி கேஎம் 84 என்ற மைக்கைச் செய்தபோது, அந்த ஸ்டூடியோக்களில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் இருந்தது, அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் சூரியனே சரியாக வராத நாடு அது. ஒரு பழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: வயரைச் செருகிய பிறகு 48 வோல்ட்டைப் போடுங்கள், கழற்றும் முன் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். ஹெட்ஃபோனில் வருகிற அந்த "டப்" உங்கள் காதுக்கு நல்லதல்ல.

சரி, மைக்கை எங்கே வைப்பது?

கிட்டாரின் 12ஆவது ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நேரே, சுமார் 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி, மைக்கின் முகத்தைக் கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்கு லேசாகத் திருப்பி. இதுதான் தொடக்கம். வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இங்கே வைத்துப் பதிந்தால் மோசமாக வராது.

ஏன் அங்கே? கிட்டாரின் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு சத்தம் போடுகிறது. நடு ஓட்டையிலிருந்து கீழ்ச்சத்தம் தள்ளிக்கொண்டு வருகிறது. பிரிட்ஜ் (கம்பிகளின் அடி முனை பலகையில் நிற்கும் இடம்) பக்கத்தில் பலகையின் மரச்சத்தம், கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி. கழுத்தின் மேலே போகப் போகக் கம்பியின் சத்தமும் விரல் தேய்வதும். 12ஆவது ஃபிரெட்டுக்கு முன்னால் இவை மூன்றும் ஓரளவு கலந்து வந்து சேர்கின்றன. ஆனால் ஒவ்வொரு கிட்டாருக்கும் அந்த "ஓரளவு" வேறு. ஆகவே அங்கே வைத்துவிட்டு, ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லி, மைக்கை மெதுவாக நகர்த்திக் கேளுங்கள்.

கொட்டகலையில் சித்தப்பா மகன் ஒருவனின் கிட்டாரை இப்படித்தான் பார்த்தோம். பெரிய உடம்புக் கிட்டார், 12ஆவது ஃபிரெட்டில் வைத்தும் கீழே ஒரே முழக்கம். அவன் ஜீ கோர்ட்டை அடித்துக்கொண்டே இருக்க, மைக்கைக் கழுத்துப் பக்கமாக நான்கு விரல் அகலம் தள்ளி, முகத்தை 15ஆவது ஃபிரெட்டுக்குத் திருப்பியதும் அந்த முழக்கம் இறங்கி மூன்றாம் நான்காம் கம்பிகள் வெளியே வந்தன. "அண்ணே, அப்படியே நிறுத்துங்க" என்றான் அவனே. ஸ்டாண்டின் மூன்று காலையும் தரையில் சோக்கால் குறித்துக்கொண்டோம். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த நாள் அதே இடத்தைத் தேடுவது பெரிய வேலை.

துணைக்கு ஆள் இல்லை என்றால் ஒரு வழி: ஒவ்வொரு இடத்திலும் அதே நான்கு வரியைப் பதிந்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் "பன்னிரண்டு, ஒரு அடி", "பதினைந்து, ஒரு அடி" என்று வாயால் சொல்லி வையுங்கள். பிறகு உட்கார்ந்து வரிசையாகக் கேளுங்கள். கேட்கும்போது எல்லாவற்றையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள், இல்லாவிட்டால் சத்தமாக இருப்பதே நல்லது போலத் தோன்றும்.

நடு ஓட்டைக்கு முன்னால் வைத்தால்தானே சத்தம் அதிகமாக வருகிறது?

வருகிறது, ஆனால் வருவது பெரும்பாலும் கீழ்ச்சத்தம். கிட்டார் உடம்புக்குள் இருக்கும் காற்று சுமார் 100 ஹேர்ட்ஸ் அளவில் தானாகவே முழங்கும், அது வெளியே வருவது அந்த ஓட்டை வழியாக. அதோடு, கார்டியோயிட் மைக் எதுவானாலும் மிகக் கிட்டே வைத்தால் கீழ்ச்சத்தத்தைக் கூட்டிக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் உப்பிப்போன சத்தம்தான் கிடைக்கும், போன் ஸ்பீக்கரில் போட்டால் கர்ர் என்று உதறும். ஓட்டைக்கு முன்னால் வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

எவ்வளவு தூரம் சரி?

நல்ல அறை என்றால் அரை மீட்டர் வரை போகலாம், கிட்டார் முழுசாகக் கேட்கும். நம் வீடுகளில் 20 முதல் 35 சென்டிமீட்டர். தூரம் இரட்டிப்பானால் கிட்டாரிலிருந்து நேரே வருகிற சத்தம் சுமார் 6 டெசிபெல் குறையும், ஆனால் அறையின் எதிரொலியும் வெளியே குரைக்கிற நாயும் அதே அளவிலேயே நிற்கும். 15 சென்டிமீட்டருக்குக் கிட்டே வந்தால் மூச்சுச் சத்தம், சட்டைப் பொத்தான் உரசுவது எல்லாம் ஏறும்.

எங்கள் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. எப்படி வைத்தாலும் சில நோட் மட்டும் குபீரென்று வருகிறது. கிட்டாரில் கோளாறா?

கிட்டாரில் இல்லை, அறையில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழைய லயத்துக் காம்பராக்கள் பல இந்த அளவுதான், புதிதாகக் கட்டிய தனி வீடுகளில் உள்ள அறைகளும் பெரும்பாலும் இதை ஒட்டித்தான் வரும்.

ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவில் சில சத்தங்கள் போய்த் திரும்பித் தங்களோடு தாங்களே சேர்ந்து பெருகும். 10 அடி இடைவெளிக்கு அது சுமார் 56 ஹேர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 111-உம். 12 அடிக்கு 46-உம் 93-உம். கிட்டாரின் மிகத் தடித்த கம்பியே 82 ஹேர்ட்ஸில்தான் தொடங்குகிறது, ஆகவே 46, 56 நமக்குத் தொல்லை இல்லை. ஆனால் ஐந்தாவது கம்பி, ஏ, திறந்து அடித்தால் 110 ஹேர்ட்ஸ். ஆறாவது கம்பியில் இரண்டாவது ஃபிரெட்டை அமத்தினால் 92.5. அதாவது உங்கள் காம்பராவின் இரண்டு சுவர் ஜோடியும் கிட்டாரில் நாம் அதிகம் தொடுகிற இரண்டு நோட்டுகளின் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கின்றன. கிட்டார் உடம்பின் சொந்த முழக்கமும் அதே 100-ஐ ஒட்டித்தான். மூன்றும் கூடினால் குபீர் என்று வராமல் என்ன செய்யும்?

இந்த இரட்டிப்புச் சத்தங்கள் அறையின் நட்ட நடுவிலும் சுவரோரங்களிலும் பலமாக இருக்கும். சுவரிலிருந்து கால்வாசித் தூரத்தில் மிகக் குறைவாக இருக்கும். எல்லோரும் நாற்காலியை எங்கே போடுகிறார்கள்? நட்ட நடுவில். அதைத்தான் மாற்ற வேண்டும். 12 அடி நீளத்தில் ஒரு பக்கச் சுவருக்கு முதுகைக் காட்டி, அறையின் நீளத்தைப் பார்த்து உட்காருங்கள். மைக் அந்தச் சுவரிலிருந்து சுமார் 3 அடியில் வருகிற மாதிரி. அகலத்திலும் நடுவை விட்டு ஒரு பக்கமாக, பக்கச் சுவரிலிருந்து இரண்டரை அடியில். நாற்காலியைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பிப் போடுங்கள், சுவருக்குச் சதுரமாக வேண்டாம். பிறகு ஏ கம்பியைத் தனியாக அடித்துக் கேளுங்கள், அதற்கு அடுத்து டீ, அதற்கு அடுத்து ஜீ. மூன்றும் ஏறக்குறைய ஒரே கனத்தில் வந்தால் இடம் கிடைத்துவிட்டது. வராவிட்டால் நாற்காலியை அரையடி நகர்த்தி மறுபடி.

அறை இந்த அளவு இல்லையென்றால் நீங்களே கணக்குப் போடலாம்: 340-ஐ மீட்டரில் உள்ள நீளத்தால் வகுத்தால் அந்த இரட்டிப்பு எண் வரும்.

சுவரில் முட்டைத் தட்டு ஒட்டினால் ஸ்டூடியோ மாதிரி ஆகுமாமே?

ஆகாது. முட்டைத் தட்டு மெல்லிய காகித அட்டை, மேல்சத்தத்தில் கொஞ்சத்தை மட்டும் கலைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது, தீப்பிடித்தால் ஆபத்தும். நம் வீடுகளில் அதைவிட நல்ல சாமான் இருக்கிறது: கம்பளி. கொழுந்தெடுக்கப் போகும்போது மழைக்குப் போர்த்துகிற அந்தத் தடித்த கம்பளி இரண்டை மடித்து, சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கயிற்றில் தொங்கவிடுங்கள். இடைவெளி இருந்தால்தான் கொஞ்சம் கீழ்ச்சத்தம் வரையும் அது வேலை செய்யும். எங்கே தொங்கவிடுவது என்பதுதான் முக்கியம்: உங்கள் முதுகுக்குப் பின்னால். கார்டியோயிட் மைக் கிட்டாரைப் பார்க்கிறது, கிட்டாரைத் தாண்டி உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரையும் பார்க்கிறது. மைக்கின் முதுகுப் பக்கத்தில் என்ன கிடந்தாலும் அதற்கு அவ்வளவு தெரியாது.

சீலிங் இல்லாமல் தகரம் அப்படியே தெரிகிற வீடு என்றால் தலைக்கு மேலே ஒரு கம்பளியையோ மெத்தை விரிப்பையோ பந்தல் மாதிரிக் கட்டுங்கள், கைதட்டினால் "டிங்" என்று கேட்கிற அந்தத் தகரச் சத்தம் போய்விடும். சீமெந்துத் தரையில் பாய், அதற்கு மேல் ஒரு தடித்த துணி. மூலையில் சுருட்டிய பஞ்சு மெத்தையை நிறுத்தி வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் 110 ஹேர்ட்ஸ் மாதிரிக் கீழ்ச்சத்தத்தைக் கம்பளியால் அடக்க முடியாது, அதன் அலையே 3 மீட்டர் நீளம். அதற்கு மருந்து நாற்காலியை நகர்த்துவதுதான்.

மழைக்கு என்ன செய்வது? தகரத்தில் விழுகிற சத்தம் எல்லாவற்றிலும் வருகிறது.

தகரத்தில் விழும் மழையை எந்த மைக்கும் எந்த சொஃப்ட்வெயரும் கிட்டாரிலிருந்து சுத்தமாகப் பிரித்துத் தராது. காலத்தைப் பார்த்துத்தான் பதிய வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஜனவரி முதல் மார்ச் வரைதான் வரட்சி, நல்ல பதிவுகளை அந்த மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதுளை, பண்டாரவளை, வெலிமடை பக்கம் இதற்கு நேர்மாறு: ஆண்டுக் கடைசியில் மழை, ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று. ஆனால் ஹப்புத்தளையில் அந்தக் காற்றே பெரிய சத்தம், ஜன்னல் இடுக்கில் துணியைச் சொருகி வையுங்கள்.

மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல். அந்த நேரத்தில் பதிவை நிறுத்திவிட்டு இன்டர்ஃபேஸ், லெப்டொப் சார்ஜர் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது.

ராத்திரியில் பதிந்தால் அமைதிதானே?

ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) பக்கத்து லயம் என்றால் இல்லை. கொழுந்து வாட்டுகிற பெரிய ஃபேன்கள் ராத்திரி முழுக்க ஓடும், அந்த "ம்ம்ம்" உங்களுக்குப் பழகிப்போய்க் காதில் விழாது, மைக்குக்கு விழும். ஒரு நிமிடம் வாசிக்காமல் வெறும் அறையைப் பதிந்து ஹெட்ஃபோனில் உரத்துக் கேளுங்கள், உங்கள் வீட்டில் என்னென்ன சத்தம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஃபேன் சத்தத்துக்கு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரைப் போட்டால் பாதி போய்விடும், கிட்டாருக்கு நட்டம் கிடையாது. நாய், சேவல், பக்கத்துக் காம்பரா டீவி மாதிரிச் சத்தத்துக்கு மைக்கின் முதுகை அந்தப் பக்கம் காட்டுங்கள். நடுவே ஒரே சுவர்தான் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் "ஒரு அரை மணித்தியாலம்" என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாகக் குறைத்து வைப்பார்கள், முடிந்ததும் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

கரண்ட் சத்தம் மாதிரி ஒரு "ஊம்" வருகிறது.

அது 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும். சார்ஜரைக் கழற்றி லெப்டொப்பை பெட்டரியில் ஓடவிடுங்கள், பல வீடுகளில் அத்தோடு சரியாகிவிடும். எர்த் சரியாக இல்லாத வயரிங் என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்விக்க வேண்டும், பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், உயிருக்கு ஆபத்து. யூஎஸ்பியிலேயே ஓடும் சின்ன இன்டர்ஃபேஸ் என்றால் கரண்ட் போன நேரத்திலும் பதியலாம், உண்மையில் அப்போதுதான் மிகச் சுத்தமாக வரும்.

லெவல் எவ்வளவு வைக்க வேண்டும்?

பதிவு சொஃப்ட்வெயரில் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்று வையுங்கள். மிக ஓங்கி வாசிக்கும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிற்கட்டும். சிவப்பைத் தொடவே கூடாது. 24 பிட்டில் குறைவாகப் பதிந்து பிறகு ஏற்றுவதில் நட்டம் கிடையாது.

இரண்டு மைக் வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமா?

கிட்டார் மட்டுமே தனியாக வாசிக்கும் பாட்டென்றால் நன்றாக இருக்கும். பாடுகிறவரும் தபேலாவும் கூட உண்டு என்றால் ஒரு மைக்கே மேல்.

பாதுகாப்பான முறை எக்ஸ்வை: ஒரே மாதிரி இரண்டு சின்ன டயஃப்ரம் மைக், தலைகள் ஒன்றன் மேல் ஒன்றாக, இடையில் 90 பாகைக் கோணம், 12ஆவது ஃபிரெட்டுக்கு முன்னால். இரண்டுக்கும் சத்தம் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதால் பிறகு சேர்த்தாலும் ஒன்றை ஒன்று தின்னாது. இப்படி இரண்டு மைக்கை ஒரே இடத்தில் வைத்து இடம் வலம் காட்டும் வழியை ஆலன் புளும்லெய்ன் 1931-இலேயே காப்புரிமைக்கு எழுதிவிட்டார். ஃபிரெஞ்சு வானொலிக்காரர்களின் ஓஆர்டிஎஃப் முறையில் 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 பாகை; அது பெரிய மண்டபத்தில் அழகு, காம்பராவில் அறைச் சத்தம் அதிகமாக உள்ளே வரும்.

ஒன்றை 12ஆவது ஃபிரெட்டிலும் மற்றதைப் பிரிட்ஜ் பக்கத்திலும் வைக்கிறவர்கள் தூரத்தை நூல் பிடித்து அளந்து வையுங்கள். ஒரு மைக் 17 சென்டிமீட்டர் தள்ளிப் போனாலே சத்தம் அரை மில்லிசெக்கன் பிந்தும், இரண்டையும் சேர்க்கும்போது 1000 ஹேர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழும், கிட்டார் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். பதிந்ததும் மோனோவில் (இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கி) போட்டுக் கேளுங்கள். உங்கள் பாட்டைக் கேட்கப் போகிறவர்களில் பாதிப்பேர் ஒற்றை ஸ்பீக்கர் போனிலோ த்ரீவீலிலோதான் கேட்கப் போகிறார்கள், மோனோவில் மெலிந்து போனால் மைக்கை நகர்த்த வேண்டும்.

பாடிக்கொண்டே வாசிக்கிறேன். தனித்தனியாகப் பதியச் சொல்கிறார்கள், எனக்கு அப்படி வரவில்லை.

வராவிட்டால் விடுங்கள், சேர்த்தே பதியுங்கள். பஜனைப் பாட்டு, தேவாலயப் பாட்டு, நம் ஊர் நாட்டார் பாட்டு எல்லாம் பாடுகிறவரின் மூச்சோடுதான் கிட்டாரும் ஓடுகிறது, பிரித்தால் அந்த ஓட்டம் போய்விடும். ஒரே மைக் என்றால் நெஞ்சு உயரத்தில், அரை மீட்டர் தள்ளி. குரல் அதிகமா, கொஞ்சம் கீழே இறக்குங்கள். கிட்டார் அதிகமா, மேலே ஏற்றுங்கள். அவ்வளவுதான் மிக்ஸிங்.

இரண்டு மைக் இருந்து, ஒன்றிலாவது எட்டு வடிவப் பிடிப்பு இருந்தால் அதைக் குரலுக்கு வையுங்கள். அந்த வகை முன்னாலும் பின்னாலும் கேட்கும், சரியாகப் பக்கவாட்டில் செவிடு. மைக்கைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து, அந்தச் செவிட்டுப் பக்கம் கிட்டாரைப் பார்க்கும்படி வைத்தால் கிட்டார் குரல் மைக்குள் ஆச்சரியமான அளவு குறைந்துவிடும்.

கிட்டாரிலேயே பிக்அப் இருக்கிறது. நேரே வயரைச் செருகினால் வேலை முடிந்ததே?

மேடைக்குச் சரி. பதிவில் பீசோ பிக்அப் பிளாஸ்டிக் மாதிரி, வாத்துக் குரலில் வரும், ஏனென்றால் அது பிரிட்ஜின் அடியில் உள்ள அழுத்தத்தை மட்டும் எடுக்கிறது, கிட்டார் உடம்பும் காற்றும் சேர்ந்து போடும் சத்தம் அதில் இல்லை. மழை நாளில் பழகிப் பார்க்க, அல்லது மைக்கோடு மிகக் குறைவாகக் கலக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டாரோடு தப்பு மேளமும் சேர்த்துப் பதிய வேண்டும்.

ஒரே காம்பராவில் ஒரே நேரத்தில் வேண்டாம். தப்பின் ஒரு அடி கிட்டார் மைக்கை நிரப்பிவிடும். தப்பை இஸ்தோப்பிலோ (வீட்டு முன் விறாந்தையிலோ) வெளியிலோ, டைனமிக் மைக் வைத்து, ஒரு மீட்டர் தள்ளித் தனியாகப் பதியுங்கள். கிட்டார்காரர் ஹெட்ஃபோனில் அதைக் கேட்டு வாசிக்கட்டும்.

கம்பி புதிதாக இருக்க வேண்டுமா?

ஆம். மைக் மாற்றுவதைவிடக் கம்பி மாற்றுவது சத்தத்தை அதிகம் மாற்றும். மாற்றி ஒரு நாள் வாசித்து, இழுபட்டு நின்ற பிறகு பதியுங்கள். நம் ஈரத்தில் கம்பி சீக்கிரம் கறுக்கும், வாசித்து முடித்ததும் துடைத்து வையுங்கள். பதியும்போது கிறீச்சிடாத நாற்காலி, பொத்தான் இல்லாத சட்டை, கையில் வளையலும் மணிக்கூடும் வேண்டாம்.

மைக்கில் திடீரென்று பட பட என்று பொரிகிற சத்தம் வருகிறது. பழுதா?

நம் பக்கத்தில் இது பெரும்பாலும் ஈரம். கண்டென்சர் மைக்குள் மெல்லிய சவ்வும் அதற்குப் பின்னால் ஒரு தகடும் மின்னேற்றத்தோடு இருக்கின்றன. பனி மூட்ட நாளில், குளிர்ந்து கிடந்த மைக்கை ஆட்கள் மூச்சு நிறைந்த சூடான அறைக்குள் கொண்டுவந்தால் ஈரம் அதன் மேல் படிந்து, அந்த மின் கசிந்து, பொரிய ஆரம்பிக்கும். 48 வோல்ட்டை நிறுத்தி, உலர்ந்த இடத்தில் ஒரு நாள் வைத்தால் அநேகமாகச் சரியாகிவிடும். அடுப்புக்குக் கிட்டேயும் ஹெயார் ட்ரையருக்கு முன்னாலும் வைக்க வேண்டாம், சவ்வு போய்விடும்.

வராமல் பார்ப்பது சுலபம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பை நான்கைந்து, மைக் அதற்குள். நிறம் மாறும் ஜெல் கிடைத்தால் நல்லது, மாறியதும் சூடாக்கி மறுபடி பாவிக்கலாம். பதியும் நாளில் டப்பாவைத் திறக்காமலே அறைக்குள் கொண்டுவந்து வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். மைக்கை இரவு முழுக்க ஸ்டாண்டிலேயே விடுகிற பழக்கம் நுவரெலியாவில் கூடவே கூடாது.

கிட்டாருக்கும் இதே தொல்லை உண்டு. மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது, நம் மழை மாதங்களில் அதைவிட எவ்வளவோ அதிகம், பலகை ஈரம் குடித்து உப்பி, கம்பி உயர்ந்து, சத்தம் மந்தமாகும். பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரமானியும் சிலிக்கா ஜெல்லும் போட்டுப் பெட்டியை மூடியே வையுங்கள்.

காலையில் ட்யூன் பண்ணினால் பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறது.

குளிர்ந்த கிட்டார் கையிலும் மடியிலும் சூடேறும்போது கம்பி தளரும். பதிவுக்கு அரை மணித்தியாலம் முன்பே பெட்டியிலிருந்து எடுத்து, பதியப் போகிற அறையிலேயே வைத்து, ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு ட்யூன் பண்ணுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் மறுபடி பாருங்கள், முதலில் பார்க்க வேண்டியது இரண்டாம் கம்பியை.